38 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய ஜெட் படகும் நான் வாசிக்காமல் விட்ட உத்தரவாதத் தாளும்

முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஆறு அறைகள் கொண்ட ஒரு சிறிய தங்குவிடுதியை நான் நடத்தி வருகிறேன். ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிள்ளைகளோடு ஊருக்கு வருபவர்களை நம்பித்தான் என் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இருக்கிறது. வந்த இரண்டாம் நாளே அந்தப் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். கடலில் கால் நனைப்பதைத் தவிர இங்கே வேறு என்ன இருக்கிறது என்று பெற்றோர் என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 2024 மாசி மாதத்தில், தென்மேற்குக் கரையில் நீர்விளையாட்டுத் தொழில் செய்துவந்த ஒருவரிடமிருந்து, சுப்பர்சார்ஜர் பூட்டிய ஒரு ஜெட் படகை 38 இலட்சம் ரூபாவுக்கு வாங்கினேன். அதில் 20 இலட்சம் கனடாவிலுள்ள என் தங்கை அனுப்பியது, 10 இலட்சம் என் சேமிப்பு, 8 இலட்சம் கடன். ஒன்பதாவது மாதத்தில் அதே படகை 12 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்றேன். என்னைப் போலத் தனியாக நின்று முடிவெடுக்கப்போகும் இன்னொருவருக்கு உதவட்டும் என்று, இடையில் நடந்தவற்றை ஒழுங்காக எழுதுகிறேன்.

வாங்கும்போது என் கண்ணை மறைத்தது குதிரைவலுதான். எங்கள் கரையில் தொழிலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுகளில் 15, 25, 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் படகின் 215 என்ற இலக்கம் மயக்கத்தைத் தந்தது. அந்த 215 எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் வாங்கிய படகில் இருந்தது ஒன்றரை லீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். சுப்பர்சார்ஜர் இல்லாமல் அதே எஞ்சின் 155 குதிரைவலு தரும். சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியிலிருந்தே வலுவை எடுத்து, காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் திணிக்கும் ஒரு சிறிய விசிறி. எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றும்போது அந்த விசிறி 40,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. படகு அலையில் துள்ளும்போது, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பி ஒரு கணம் காற்றை உறிஞ்சும், எஞ்சின் சட்டென்று சீறும், மறுகணமே தண்ணீர் ஏறி அது இறுகும். அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்காக விசிறிக்கும் பற்சில்லுக்கும் இடையில் வழுக்கிக்கொடுக்கும் ஒரு கிளச் இருக்கிறது. அந்தக் கிளச்சின் வளையங்கள் பழைய தயாரிப்புகளில் பீங்கானால் செய்யப்பட்டவை. பீங்கான் இலகுவில் தேயாது, ஆனால் வெடித்து உடையும். சுப்பர்சார்ஜருக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஒயில்தான் ஓடுகிறது என்பதால், வெடித்த துண்டுகள் நேராக எஞ்சினுக்குள் போகின்றன. இதனால்தான் இந்தப் பழைய வகையை 100 மணி ஓட்டத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்று தயாரித்தவர்களின் கையேட்டிலேயே விதி இருந்தது. பலர் அந்தப் பீங்கான் வளையங்களை எடுத்துவிட்டு உலோக வளையம் போட்டுக்கொள்கிறார்கள். இவ்வளவையும் நான் அறிந்தது படகு கெட்டுப்போன பிறகு, விடுதி முற்றத்தில் இரவிரவாகக் கைபேசியில் வாசித்து.

படகைப் பார்க்க நான் தனியாகத்தான் போனேன். எஞ்சின் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்த்து பதினையாயிரம் ரூபா செலவாகியிருக்கும். அதை மிச்சம் பிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது படகு ஆற்றில் இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. சாவியைப் போட்ட உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூடியைத் திறந்து கையை வைத்தபோது எஞ்சின் சூடாக இருந்தது. எனக்காக ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்தேன். இப்போது யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது உங்கள் கண் முன்னால் ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் சூடான எஞ்சின் தன் வருத்தங்களை மறைத்துவிடும். ஒயில் அளவுகோலை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, மினுமினுப்பு இருந்தால் உலோகம் தேய்ந்திருக்கிறது. மூன்று சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளக்கச் செய்யுங்கள். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது எஞ்சினின் கணினியில் பதிந்திருக்கும் ஓட்ட மணிகள். ஓட்டுபவருக்கு முன்னாலுள்ள அளவுமானித் தட்டில் எனக்குக் காட்டப்பட்டது 92 மணி. ஐந்து மாதங்களுக்குப் பிறகு கொழும்பில் ஒரு மடிக்கணினியைப் பொருத்திப் பார்த்தபோது 358 மணி என்று வந்தது. நான் ஓட்டியது அதில் 17 மணிதான். தட்டை மாற்றலாம், கணினியில் பதிந்ததை இலகுவில் மாற்ற முடியாது. அந்த மடிக்கணினிச் சோதனைக்கு அவர்கள் எடுத்த காசு 8,500 ரூபா.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்றவர், எஞ்சினை அண்மையில் பிரித்துப் புதுப்பித்ததாகச் சொல்லி, புதுப்பித்த திருத்தகம் கொடுத்த மூன்று பக்க உத்தரவாதத்தை என் கையில் தந்தார். அதன் முதற்பக்கம் சிங்களத்திலும் மற்ற இரண்டு பக்கங்களும் ஆங்கிலத்தில் பொடி எழுத்திலும் இருந்தன. தலைப்பில் 'ஆறு மாதம்' என்பதைப் பார்த்தேன், மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். விற்பனை உடன்படிக்கையில் படகை 'உள்ளது உள்ளபடி' ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி இருந்தது, அதற்கும் கையொப்பமிட்டேன். முழுவதையும் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வாசித்து விளங்கியது ஆவணியில். ஆறு மாதம் அல்லது 50 மணி ஓட்டம், எது முதலில் வருகிறதோ அதுவரைதான் உத்தரவாதம். வருமானம் தரும் எந்தப் பாவனைக்கும் அது செல்லாது. சுப்பர்சார்ஜரின் கிளச் தேயும் பாகம் என்பதால் அதில் அடங்காது. 95 ஒக்ரேனுக்குக் குறைந்த பெற்றோல் விட்டிருந்தால் செல்லாது. ஒவ்வொரு முறை உப்புநீரில் ஓடிய பிறகும் நன்னீரில் கழுவியதற்குக் குறிப்புப் புத்தகம் இருக்க வேண்டும். படகை அவர்களுடைய வாசலுக்கு என் செலவில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்டுச் சம்பாதிப்பதற்காகவே படகை வாங்கிய எனக்கு, முதற் சவாரிக்குக் காசு வாங்கிய அந்த நிமிடமே அந்தத் தாள் வெறும் தாளாகிவிட்டது.

தயாரித்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் கையேடுகளையும் ஒரு முறை வாசிக்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களின் கையேடுகளில் நான் வாசித்த விதி, தனிப்பட்ட பொழுதுபோக்குப் பாவனைக்கு 12 மாதம், வர்த்தகப் பாவனைக்கு 4 மாதம் என்பது. அதுவும் அந்தந்த நாட்டின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் புதிதாக வாங்கியதற்கு மட்டும்தான். பராமரிப்பு விடுபட்டதால் வந்த பழுது, ஜெட் பம்பி மணலையும் கல்லையும் உறிஞ்சியதால் வந்த பழுது, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்ததால் வந்த பழுது ஆகியவை விலக்குகளில் இருக்கின்றன. நமது கரையில் ஒரு ஜெட் படகுக்கு வரக்கூடிய நோய்களில் பெரும்பாலானவை இந்த விலக்குகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மேலும், நான் வாங்கிய படகைச் செய்தவர்கள் 2012 ஆம் ஆண்டிலேயே படகு செய்வதை நிறுத்தியிருந்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். எஞ்சின் பாகம் தேடினால் கிடைக்கும். படகின் உடலுக்கான ஒரு கைப்பிடியோ ஒரு மூடியோ உடைந்தால் பழைய படகு ஒன்றை உடைத்து எடுக்க வேண்டும்.

படகை லொறியில் ஏற்றி, ஏ9 வீதியால் மாங்குளம் வந்து, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக ஊருக்குக் கொண்டுவர 1 இலட்சத்து 40 ஆயிரம் ஆனது. இழுவை வண்டியின் ரயர்களுக்கும் பெயாரிங்குகளுக்கும் 85 ஆயிரம். உயிர்காப்பு அங்கிகள், பதிவு, அனுமதிக் கடிதங்கள் எல்லாவற்றுக்குமாக 1 இலட்சத்து 20 ஆயிரம். அலையில்லாத நீர் என்று சிலர் நந்திக்கடலைக் காட்டினார்கள். அது ஆழமில்லாத களப்பு. ஜெட் பம்பிக்குக் கீழே குறைந்தது மூன்று அடித் தண்ணீராவது இல்லாவிட்டால் அது சேற்றையும் சாதாளையையும் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேலாக, 2009 இல் அந்த நீரைக் கடந்து வந்தவன் நான். அதில் கேளிக்கைப் படகு ஓட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கடலில்தான் ஓட்டினேன். எங்களிடம் படகு இறக்கும் சரிவுத்தளம் இல்லை, மணலில்தான் தள்ளி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கரையோர மணல் கொஞ்சம் பம்பிக்குள் போனது. ஓட்டம் முடிந்து கழுவுவதற்கு என் கிணற்று நீர் உதவாது, அது உவர். ஆயிரம் லீற்றர் நன்னீர்த் தாங்கி ஒன்று வைத்து, பவுசர்த் தண்ணீர் நிரப்பினேன். கழுவுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் எஞ்சினை ஸ்ரார்ட் செய்து உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும், முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடிவிட்டுப் பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். மாறிச் செய்தால் தண்ணீர் பின்னால் ஏறி எஞ்சினுக்குள் போய்விடும். இதை மட்டும் விற்றவர் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்தார், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெற்றோல் 95 ஒக்ரேன் எங்கள் பக்கத்து நிரப்பு நிலையத்தில் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைக்காத நாட்களில் வவுனியாவிலிருந்து கலனில் கொண்டுவந்தேன். முழு வேகத்தில் இந்த எஞ்சின் மணிக்கு 60 லீற்றருக்கு மேல் குடிக்கும். அந்த ஆண்டுச் சோளகக் காற்றுக் காலத்தில் லீற்றர் 375 ரூபாவுக்குக் குறையவில்லை. கணக்கைப் பாருங்கள், பத்து நிமிடச் சவாரிக்குப் பெற்றோல் மட்டும் 3,700 ரூபாவுக்கு மேல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு வந்த வைகாசிக் கூட்டத்தில் நான்கு நாட்கள் நன்றாக ஓடியது. அந்த நான்கு நாட்களும்தான் நான் இந்தப் படகால் மகிழ்ந்த நாட்கள்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. இலண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம். தகப்பன், பத்து வயது மகள், ஏழு வயது மகன். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் எஞ்சினின் சீறல் திடீரென்று வேறு சத்தமாக மாறியது. தகரப் பேணிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். தட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, நீண்ட மணி அடித்தது, வேகம் தானாகவே இறங்கியது, அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றது. எங்கள் கடலை அறிந்தவர்களுக்குத் தெரியும்: சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கடல் குளம் போலத் தட்டையாக இருக்கும், ஆனால் வலு இல்லாத படகைக் காற்று வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகும். நங்கூரக் கயிறு 15 மீற்றர்தான் இருந்தது, அது அடியைத் தொடவில்லை. துடுப்பு இல்லை. பனைகளின் தலைகள் சிறுத்துக்கொண்டு போனதை அந்தச் சிறுவன் என்னிடம் சுட்டிக்காட்டினான். தகப்பன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இரண்டு பிள்ளைகளின் அங்கிப் பட்டிகளையும் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தார். என் கைபேசியில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. கரையில் மீனவர் வாடியில் இருந்த ஒருவருக்கு அழைத்தேன். 50 நிமிடங்களுக்குப் பிறகு வலை இழுத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகு எங்களிடம் வந்தது. அந்த 50 நிமிடங்களில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அதிலும் ஒரு பிழை நடந்தது. அவர்கள் தங்கள் வழக்கமான வேகத்தில் இழுத்து வந்தார்கள். ஜெட் படகை எஞ்சின் நின்ற நிலையில் வேகமாக இழுத்தால், பம்பி வழியாகத் தண்ணீர் தள்ளப்பட்டுப் புகைபோக்கிக் குழாயில் ஏறி எஞ்சினுக்குள் இறங்கலாம். நடக்கும் வேகத்தில் இழுக்க வேண்டும் அல்லது தண்ணீர் வரும் குழாயை இறுக்கிக் கட்டிவிட்டு இழுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற வந்தவர்களிடம் ஒரு குறையும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான், எனக்கே தெரியாது.

கரையில் வெளியிணைப்பு எஞ்சின் திருத்தும் அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் மூடியைத் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, உது நான் கை வைக்கிற மிசின் இல்லை, ஆனா ஒயில் பில்ரரை மட்டும் கழட்டிப் பாப்பம்" என்றார். பில்ரர்த் தாளைக் கத்தரியால் வெட்டி, பழைய செய்தித்தாளில் விரித்தார். கறுத்த ஒயிலுக்கு நடுவில் வெள்ளையாக, உடைந்த பீங்கான் கோப்பையின் விளிம்பு போல, நெல்மணி அளவில் ஏழெட்டுத் துண்டுகள். அவற்றைச் சுற்றி ஊசிமுனை போல உலோகத் துகள்கள் வெயிலில் மின்னின. அவர் ஒரு துண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, செய்தித்தாளோடு மடித்து என் கையில் தந்தார். காசு வாங்கவில்லை. எஞ்சின் உண்மையாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தால் அந்த வளையங்கள் உலோகமாக மாற்றப்பட்டிருக்கும், அல்லது புதிய பீங்கானாக இருந்திருக்கும். கொழும்பில் பிரித்தபோது சுப்பர்சார்ஜரின் கவசத் திருகுகளில் தொழிற்சாலைப் பூச்சே கலையாமல் இருந்தது. அதை ஒருவரும் ஒருநாளும் திறந்ததில்லை.

படகைத் தெற்கே அனுப்பி, சோதித்து, திருப்பி எடுத்துவர 2 இலட்சத்து 60 ஆயிரம் செலவானது. உத்தரவாதம் தந்த திருத்தகம், அது செல்லாது என்பதற்கு மூன்று காரணங்களை எழுதிக் கையில் தந்தது: வருமானப் பாவனை, தேயும் பாகம், சிலிண்டரில் நீர். எஞ்சினை முழுதாகச் செய்ய, பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமும் 17 இலட்சம் ரூபாவும் ஆகும் என்றார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும்; நான் சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தது ஆறாவது மாதத்தில். இவ்வகைப் பொருள் ஒன்றை வாங்கினால், முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு முறையாவது எஞ்சின் கணினியைப் பார்க்கச் செய்து, ஒயிலை மாற்றி, பில்ரரை வெட்டிப் பாருங்கள். பழுது தெரிந்தால் கேட்பதற்கு உங்களுக்கு நாள் இருக்கும்.

வாங்கிய விலையையும் மேலே சொன்ன செலவுகளையும் பெற்றோலுக்குப் போன 2 இலட்சத்து 30 ஆயிரத்தையும் கூட்டி, சவாரியில் வந்த 4 இலட்சத்து 60 ஆயிரத்தையும் விற்ற காசையும் கழித்தால், 29 இலட்சத்து 25 ஆயிரம் நட்டம். விடுதியை நம்பி வந்தவர்களின் பிள்ளைகளைக் கடலில் தவிக்கவிட்ட வெட்கத்துக்கு இலக்கம் போட முடியவில்லை. அந்தத் தகப்பன் சவாரிக் காசைத் திரும்பக் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தபோதும் வாங்கவில்லை, ஆனால் முன்பதிவு செய்திருந்த மற்ற நான்கு நாட்களையும் தங்காமல் மறுநாள் காலையே புறப்பட்டுப் போனார்.

சுப்பர்சார்ஜர் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறித்த மணிக்குக் குறித்த வேலையைச் செய்து, நன்னீர்க் குளத்தில் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவரிடம் அது பல ஆண்டுகள் நிற்கும். பின்னாளில் வந்த தயாரிப்புகளில் கிளச்சும் திருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் உப்புக்கடலில், மணற்கரையில், காசுக்கு ஓட்டுபவருக்கு அந்த மேலதிக 60 குதிரைவலு எதற்கு என்று என்னிடமே நான் கேட்டிருக்க வேண்டும். ஜெட் படகுதான் வேண்டும் என்றால், யமஹாவின் சுப்பர்சார்ஜர் இல்லாத 1.8 லீற்றர் எஞ்சின் போன்ற ஒன்றைத் தேடுங்கள். கொள்ளளவு பெரிது, வலுவுக்காக இறுக்கிப் பிழியப்படாதது. அது கடல்நீராலேயே தன்னைக் குளிர்த்துக்கொள்ளும் வகை என்பதால் கழுவுவதில் ஒரு நாளும் தவறக்கூடாது. அதையும் விட நான் இப்போது முதலில் பார்ப்பது, ஊரிலிருந்து வவுனியா வரைக்குள் அந்த எஞ்சினைத் திறக்கக்கூடிய ஒரு கை இருக்கிறதா என்பதைத்தான். இந்தச் சோளகத்துக்கு, 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சினோடு ஒரு கண்ணாடியிழைப் படகை நாள் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். அதில் இரண்டு துடுப்பும் 60 மீற்றர் நங்கூரக் கயிறும் எப்போதும் கிடக்கும், கரையோடு மட்டும் போகும். பிள்ளைகளுக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

போன வாரம் மன்னாரிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். தெற்கே ஒரு ஜெட் படகு மலிவாக வந்திருக்கிறதாம், தட்டில் 110 மணி காட்டுகிறதாம், உத்தரவாதமும் தருகிறார்களாம். உத்தரவாதத் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்; மூன்றாம் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கங்களை அனுப்பினார், அந்தப் பக்கத்தை விற்பவர் அவருக்கும் காட்டவில்லையாம். வருகிற சனிக்கிழமை அவரோடு நானும் போகிறேன். மடிக்கணினி வைத்திருப்பவர் ஒருவரைக் கொழும்பில் பேசிவிட்டோம். நாங்கள் வந்து சேரும்வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், எஞ்சினை ஸ்ரார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவருக்குச் சொல்லியிருக்கிறோம்.